மூன்றில் ஒன்றை மட்டும் கேட்டேன்

ஒரு மனிதர் பந்தல் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் எங்குமே இல்லை என்று அவருடைய அக்காவிடம் சொன்னவன் நான்.

தெரியாமல் சொன்னேன். அதுவரை அது பிழை. அன்று சாயங்காலமே உண்மை தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்து அது குற்றம். பிழைக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிறருக்குப் பாடம் எடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். ஆகவே உங்களிடம் மழுப்ப மாட்டேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்து, திரையைப் பார்த்து, எதிரே நிற்பவரிடம் "இல்லை" என்று சொல்லும் வேலையில் இருக்கலாம். அப்படியானால் இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

பணியில் இருந்தவரை ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நடைமுறைகளை எழுதிக்கொண்டிருந்தேன். எதை யார் திறக்கலாம், திறந்ததை எப்படி மூட வேண்டும், மூடியதை யார் சரிபார்க்க வேண்டும்... எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விதி இருந்தது. ஓய்வுபெற்ற நாளில் எனக்கு மாலை போட்டவர்களின் முகத்தில் தெரிந்தது துயரம் அல்ல. அதைக் கவனிக்கும் அளவுக்கு எனக்குக் கண் இருந்தது.

பிறகு காஞ்சிபுரம் வந்து பிள்ளையார்பாளையத்தில் குடியேறினேன். இரு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடும். நடுவில் நான், ஓட்டுவதற்கு எதுவும் இல்லாமல். விதி எழுதிய கை சும்மா இருக்குமா? வைகாசித் திருவிழாவில் தொலைந்து போகிறவர்களை வீட்டாரிடம் சேர்க்கும் தொண்டர் குழு ஒன்று ஊரில் இருந்தது. வலியப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த மாதமே அவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

கருட சேவை அன்று இந்த ஊர் எப்படி இருக்கும் என்பதைக் கூட்டத்தில் நசுங்கியவர்கள் அறிவார்கள். குழுவிலிருந்த மென்பொருள் இளைஞர்கள் அந்தக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். தனியாக நிற்கும் ஒருவரைத் தொண்டர்கள் கண்டெடுத்தால், அருகிலுள்ள பூத்தில் உட்காரவைத்து, அவருடைய அடையாளங்களைக் கணினியில் பதிவார்கள். தேடி வருகிறவர்கள் தலைமை மேசைக்கு வர வேண்டும். தலைமை மேசையில் நான்.

இதற்குப் பின்னால் இருந்த தரவுத்தளத்தைப் பற்றிச் சொல்லாமல் என் குற்றத்தைச் சொல்ல முடியாது. சாதாரணத் தரவுத்தளம் எழுதியதை வட்டில் பதித்துவைக்கும். இது எல்லாவற்றையும் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். இன்னொன்று, அது ஒரே கணினியில் இருப்பதில்லை. எங்களிடம் மூன்று கணினிகள். வரும் பதிவுகளை அவை தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். எந்தப் பூத்தில் எழுதினாலும் சரி, அந்தப் பதிவு எந்தக் கணினியில் போய் உட்காரும் என்பதை அதுவே முடிவு செய்யும்.

சீட்டுக்கட்டை மூன்று பேருக்குப் பிரித்துப் போடுவது போலத்தான். ஆட்டின் ராஜா இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் மூன்று பேரையும் கேட்க வேண்டும். ஒருவரை மட்டும் கேட்டு, அவர் உதட்டைப் பிதுக்கினார் என்பதற்காக, கட்டிலேயே ராஜா இல்லை என்று சொல்கிறவனை என்னவென்பீர்கள்?

கேள்வி கேட்பதற்கு இளைஞர்கள் ஒரு திரை செய்து தந்தார்கள். பெயர், வயது, ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் அது மூன்று கணினிகளையும் கேட்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. பொத்தான் அழுத்துவதற்கா நான் இத்தனை காலம் படித்தேன்? தரவு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நோட்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் பக்கம் முழுவதும் கட்டங்கள். ஒரு கட்டத்தில் கட்டளையை எழுதி இயக்கினால் அதன் கீழேயே விடை வரும். திருத்தி மறுபடியும் கேட்கலாம். அறிந்தவன் கையில் அழகான கருவி. அறிந்தவன் என்று நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் விதிகள் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பூத்துகளில் பதிவு மட்டுமே செய்யலாம், தேட முடியாது. முன்பின் தெரியாதவர்கள் குழந்தைகளின் விவரங்களைத் துழாவக் கூடாது என்பதற்காக. இரண்டு, விழா முடிந்ததும் மூன்று கணினிகளையும் அணைத்துவிட வேண்டும். அணைத்தால் நினைவகம் வெறுமையாகும். யாரைப் பற்றியும் ஒரு வரிகூட மிஞ்சாது. நல்ல விதிகள். இன்றும் அவற்றில் குறை காண மாட்டேன். இரண்டாவது விதி என்னை எப்படிக் காப்பாற்றியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று விடியற்காலையில் குழுவின் செயலாளர் வந்தார். பட்டுக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். "மூணு மெஷினும் வேல செய்யுதா சார்?" என்று கேட்டார். காட்டுகிறேன் பாருங்கள் என்று நோட்புக்கில் ஒரு கட்டம் எழுதினேன். 'இந்தக் கணினியில் உள்ளதை மட்டும் கேள்' என்பது அதன் பொருள். மேசைக்கு அடியிலிருந்த கணினி தன் பங்கை மட்டும் எண்ணிச் சொன்னது. செயலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். வேலை முடிந்ததென்று அந்தக் கட்டத்தை அழித்தேன். பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

பக்கத்தில்தான் அழிந்தது! நோட்புக்கின் குணம் அது. ஒருமுறை இயக்கிய கட்டளை, எழுதிய கட்டத்தை அழித்த பிறகும், அதன் நினைவில் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பின் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அது ஆளும். ஆகவே சோதனை முடிந்தால் நோட்புக்கை மூடித் திறந்து, முதல் கட்டத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இயக்க வேண்டும். என் கையேட்டில் இது இருக்கிறது. தடித்த எழுத்தில் இருக்கிறது.

நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்... மறக்கவில்லை. விதி மனதில் வந்தது. அது இளைஞர்களுக்காக எழுதியது என்று தோன்றியது. மேசைக்கு எதிரே அதற்குள் வரிசை நின்றுவிட்டது.

முற்பகலில் ஒரு பெண்மணி வந்தார். சேலை முந்தானை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கூட்டத்தில் யார் காலிலோ மாட்டியிருக்க வேண்டும். பெயர் மல்லிகா, திருப்புட்குழிக்காரர், பள்ளியில் சத்துணவு சமைப்பவர் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது அவர் எனக்கு வரிசையில் அடுத்த ஆள்.

"சார், எந்தம்பிய காணோம். கோபின்னு பேரு. பேச வராது சார். கூட்டத்துல கைய உட்டுட்டான்."

"வயசு?"

"நாப்பது ஆவப்போவுது. ஆனா கொழந்த மாதிரி."

ஆண், முப்பத்தைந்துக்கு மேல், பேச்சில்லாதவர் என்று கேட்டேன். விடை உடனே வந்தது. ஒரு வரியும் இல்லை.

"பதிவு இல்லம்மா."

"நல்லா பாருங்க சார். நீலக் கட்டம் போட்ட சட்ட. கையில எம்பேரு பச்ச குத்தியிருக்கும். எங்கம்மா குத்தி உட்டது, எங்கனா தொலைஞ்சா கொண்டாந்து உடட்டும்னு. மல்லிகா, திருப்புட்குழின்னு."

அந்தப் பெயரையும் ஊரையும் போட்டுக் கேட்டேன். ஒரு வரியும் இல்லை. சிவப்பு எழுத்தில் பிழை என்று ஏதாவது வந்திருந்தால் நின்றிருப்பேன். பிழையே வரவில்லை. கேட்ட கேள்விக்கு அந்த ஒரு கணினி நேர்மையாகத்தான் பதில் சொன்னது. என்ன கேட்கிறோம் என்று அறியாதவன் நான்தான்.

"மைக்ல சொல்றீங்களா சார்?"

"கொழந்தைங்களுக்கு மட்டுந்தான் மைக்கு."

"அவன் கொழந்ததான் சார்."

"நாப்பது வயசுன்னு நீதானம்மா சொன்ன."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது பாராட்டாகப் பட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மல்லிகா நகரவில்லை. "அப்போ நான் ஒவ்வொரு பூத்தா நடந்து பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். இரண்டாம் பூத் தெருத் திருப்பத்தில் இருந்தது. நடந்திருந்தால் அங்கே தம்பியைப் பார்த்திருப்பார். அன்று என்னிடம் "இல்லை" வாங்கிக்கொண்டு போன மற்றவர்களில் பலர் என்னை நம்பாமல், பூத் பூத்தாக நடந்து, தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மல்லிகா என்னைக் கேட்டுவிட்டு நடக்க நினைத்தார். நம்பியதுதான் அவர் செய்த ஒரே தவறு.

"எதுக்கும்மா நடக்குற? எல்லா பூத்தும் இதுக்குள்ளதான் இருக்குது. இங்க இல்லன்னா எங்கயும் இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருப்பாரு, போய்ப் பாரு. நம்பர குடுத்துட்டுப் போ."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சா சார்?"

"சொல்லிடுச்சும்மா."

நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிறிது நேரத்தில் இரண்டாம் பூத்திலிருந்து ஒரு போன். எஸ்தர் என்று பெயர். ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. மாதா கோயிலுக்குப் போகிறவர். பெருமாள் திருவிழாவிலும் வருடம் தவறாமல் தொண்டு செய்கிறவர்.

"சார், இங்க ஒருத்தரு ரொம்ப நேரமா..."

"பதிவு போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். ஆனா அவரு..."

"போட்டாச்சுன்னா போன் எதுக்கும்மா? தேடினு வந்தா நான் கூப்புடுவேன் இல்ல?"

வைத்துவிட்டேன். பதிவு இருந்தால் போன் தேவையில்லை என்பதும் கையேட்டில் உள்ளதுதான்.

சாயங்காலம் கூட்டம் குறைந்தது. செயலாளருக்கு ஓர் அறிக்கை தருவோம் என்று, அன்றைய மொத்தப் பதிவுகள் எத்தனை என நோட்புக்கைக் கேட்டேன். வந்த எண்ணை இரண்டு முறை படித்தேன். மிகவும் குறைவு. அன்றைய கூட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத எண். எங்கே போயின மற்றவை?

பதிலை நான் தேட வேண்டியிருக்கவில்லை. காலையில் நான் அழித்த அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது.

நோட்புக்கை மூடித் திறந்தேன். முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக இயக்கினேன், காலையில் செய்திருக்க வேண்டியதை. பிறகு மல்லிகா என்று கேட்டேன்.

ஒரு வரி வந்தது.

'ஆண். சுமார் நாற்பது. பேசவில்லை. நீலக் கட்டச் சட்டை. இடது முன்கையில் பச்சை: மல்லிகா, திருப்புட்குழி. பூத் இரண்டு. பதிந்தவர் எஸ்தர். நிலை: காத்திருக்கிறார்.'

காத்திருக்கிறார்... நான் முதல்முறை கேட்பதற்கு வெகு முன்பே பதிந்தது. மல்லிகா என் எதிரே நின்றபோது அந்த வரி மற்ற இரண்டு கணினிகளில் ஒன்றில் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை.

எஸ்தரை அழைத்து, பகலில் எதற்குப் போன் செய்தார் என்று மட்டும் கேட்டேன்.

"பேச வராத ஒருத்தரு சார், நீலச் சட்ட. இவ்ளோ நேரம் இங்கதான் உக்காந்துகினு இருந்தாரு. மோர் குடுத்தேன், குடிச்சாரு. சாயங்காலப் புறப்பாடு இந்தப் பக்கம் வந்துச்சில்ல, பெருமாள் குடையப் பாத்ததும் எழுந்துட்டாரு. நான் ஒரு பாப்பாவ அவங்கம்மாகிட்ட ஒப்படைச்சிகினு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. ரெண்டு பேர அனுப்பியிருக்கேன் தேட." பிறகு கேட்டார்: "அவரத் தேடிகினு யாராவது வந்தாங்களா சார்?"

வந்தார் என்று சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதும்.

"யாரும் வரலம்மா" என்றேன்.

அதுதான் குற்றம் பிறந்த நேரம். சாட்சி யாரும் இல்லை. அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

முழுக்க மிருகம் இல்லை நான். காவலர்களிடம் ஓடி, ஊர்வலம் போன திசையில் அப்படி ஒருவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று சொன்னேன். யார் சொன்னது, எப்போதிலிருந்து அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லவில்லை. மல்லிகா பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தார். அவரையும் அந்தத் திசையில் அனுப்பினேன். குடைகள் மண்டபத்துக்குள் போய்விட்டிருந்தன. கோபி கிடைக்கவில்லை.

பிறகு நடைமுறைப்படி மூன்று கணினிகளையும் அணைக்கச் சொன்னேன். இளைஞர்கள் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அந்த வரி போயிற்று. எங்கும் பிரதி இல்லை. விதியை இவ்வளவு விருப்பத்தோடு நான் கடைப்பிடித்ததே இல்லை.

ஒரு மாதம் கழித்து, இரண்டாம் பூத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கோபியின் படத்தைப் பார்த்து, "இவரு அன்னிக்கு பகல் முச்சூடும் இங்கதான உக்காந்துகினு இருந்தாரு" என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டார். மல்லிகா குழுவின் முன்னால் வந்து நின்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

"நான் பதிவு போட்டேன்" என்றார் எஸ்தர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அன்னிக்கு நான் தேடினப்போ பதிவு வரல" என்றேன்.

கவனித்தீர்களா? அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உண்மைகளை மட்டும் அடுக்கி ஒரு பொய்யைக் கட்டும் வேலையை அலுவலகத்தில் நான் பிறரிடம் கண்டுபிடித்துக் கிழித்திருக்கிறேன். எனக்கே அது இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. சரிபார்க்கவோ கணினிகளில் எதுவும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்: "நம்ம சாமி திருவிழா, அந்தம்மாவுக்கு என்னா அக்கற இருக்கும்."

செயலாளர் அவரை அடக்கினார். நான் அடக்கவில்லை. எஸ்தர் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டர் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் நான் மல்லிகாவுக்கு உதவத் தொடங்கினேன். பிராயச்சித்தம் என்று எண்ணிவிடாதீர்கள், அந்தச் சொல்லுக்கு நான் தகுதி இல்லாதவன். வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கூட்டரின் பின்னால் மல்லிகாவை ஏற்றிக்கொண்டு, ஆதரவற்றோர் இல்லங்கள், கோயில் வாசல்கள், ரயில் நிலையங்கள் என்று போவோம். வேலூர், செங்கல்பட்டு, திருமுக்கூடல் ஆற்றங்கரை என்று சுற்றாத திசை இல்லை. அவர் டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து எலுமிச்சம்பழச் சாதம் கொண்டு வருவார்.

"உங்க கம்ப்யூட்டரு ஒரு நிமிசத்துல இல்லன்னு சொல்லிடும் சார்," என்பார் வழியில். "நமக்குத்தான் இல்லன்னு சொல்ல இம்மா நாளாவுது."

கேலிதான். அதில் குத்தல் இல்லை. குத்தலை எல்லாம் எஸ்தருக்கென வைத்திருந்தார். "அந்த டீச்சரம்மா ஒரு வரி எழுதியிருந்தா எந்தம்பி வூட்ல இருப்பான்." ஒருநாள் அந்தப் பள்ளி வாசலுக்கே போய், பெற்றோர்களும் பிள்ளைகளும் பார்க்க, எஸ்தரைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். அதையும் என்னிடம்தான் சொன்னார். நான் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். சாலையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன்.

அந்த "ம்"... இரண்டு வைகாசிகள் கடந்தும் அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஏன் சொல்கிறேன்? மனம் திருந்தியது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அது உண்மை ஆகாது. செயலாளர் வீட்டுக்கு வந்தார். வரும் திருவிழாவுக்குப் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு நான் பயிற்சி தர வேண்டுமாம். அதோடு, மல்லிகாவின் தம்பியைத் தேடி நான் அலையும் பெருந்தன்மைக்காக மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். பட்டு, அவருடைய கடையிலிருந்தே.

அந்தப் பொன்னாடையை என் தோளில் நினைத்துப் பார்த்தேன். போதும் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து இதில் எனக்கு மறுயோசனை வரவில்லை.

முதலில் செயலாளரிடமே, நடந்ததை நடந்த வரிசையில், ஒரு படியும் விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பழச எதுக்கு சார் கெளறிகினு? வேணும்னா கையேட்டுல ஒரு வரி சேத்துடலாம்."

"அந்த வரி ஏற்கெனவே இருக்குது. தடிச்ச எழுத்துல" என்றேன். குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று மறுபடி சொன்னேன். எஸ்தரின் பதிவு இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று குறிப்பில் ஏற்றச் சொன்னேன். முணுமுணுத்தவர் அன்று வரவில்லை.

அடுத்து எஸ்தர். பள்ளி விடும் நேரத்தில் போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"போட்டவளுக்குத் தெரியாதா சார், போட்டது? அந்தப் பதிவு இருக்குதுன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சிதுன்னுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு."

"அன்னிக்கே. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே."

அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "எங்கிட்ட சொல்றது உங்களுக்கு ஈஸி. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மறுநாள் திருப்புட்குழி. சத்துணவுக் கூடத்தில் பெரிய அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் மல்லிகா. "இன்னா சார், ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியே வந்துட்டீங்க? தகவல் எதுனா கெடச்சுதா?" என்று எழுந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன். சீட்டுக்கட்டு உதாரணத்தையும் சொன்னேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அந்த டீச்சரம்மா எழுதித்தான் வெச்சிருந்தாங்க."

"ஆமாம்மா."

"நான் ஸ்கூல் வாசல்ல நின்னு கேட்டது உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு வண்டில வரும்போதே சொன்னேன்."

"தெரியும்."

"என்னா எழுதியிருந்துச்சி?"

எனக்கு அந்த வரி மனப்பாடம். சொன்னேன். சட்டை, பச்சை, பூத்... கடைசிச் சொல் வரை.

"காத்துகினு இருந்திருக்கான்" என்றார் மெதுவாக. "நான் பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு வண்டியா ஏறிப் பாத்துகினு இருந்தேன். நீங்க சொன்னீங்கன்னு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அதைப் பற்றிக்கொண்டு நானும் அழுதிருக்கலாம். அவர் உட்கார்ந்து மறுபடி அண்டாவைத் தேய்த்தார். நான் வாசல்வரை போன பிறகுதான் குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம அரக்கோணம் போவணும்னு சொன்னீங்களே."

"போலாம்மா."

"நான் பஸ்ல வந்துடறேன். நீங்க உங்க வண்டில வாங்க."

அப்படித்தான் போனோம். நான் முன்னதாகப் போய் நிறுத்தத்தில் நின்றேன். மல்லிகா பஸ்ஸின் பின்வாசல் வழியாக இறங்கி, என்னைத் தாண்டி நடந்தார். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. அதில் ஒருவருக்குத்தான் சாதம் என்பது அவர் அதைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது. நான் பின்னால் நடந்தேன்.

ஊருக்கு வெளியே ஓர் இல்லம். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர். மல்லிகா தம்பியின் படத்தை நீட்டி, பேச வராது, கையில் பச்சை என்று சொல்லத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் படத்தை வாங்கவில்லை. திரையில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார், தலையைத் தூக்காமல்.

என் குரல் அது. என் ஓசை, என் வேகம், என் அலுப்பு.

மல்லிகா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டேன். "இல்லன்னு அப்புறம் சொல்லுங்க. மொதல்ல எல்லா அறையையும் தெறங்க" என்றேன்.